வீட்டில் யார் முடிவெடுப்பார்கள் என்று கேள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

வேலைக்குப் போய்க்கொண்டே, சனிக்கிழமைகளில் அரசுப் பள்ளிப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மேற்படிப்பு வழிகாட்டியாக இருக்கப்போகிறாய் என்று உன் அப்பா போனில் சொன்னான். மனசு நிறைந்துபோனது. பிளஸ் டூவுக்குப் பாடம் எடுத்தே ஓய்வு பெற்றவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

போன உடனே நீ முன்னுக்கு வந்த கதையைச் சொல்லாதே. அவர்களைப் பேசவிடு. "என்ன படிக்கப் போறே?" என்று கேட்டால், "எது கிடைச்சாலும் ஓகே மிஸ்" என்பார்கள். அவர்களுக்கு ஆசை இல்லை என்று எடுத்துக்கொள்ளாதே. வீட்டில் என்ன சொல்வார்களோ என்ற பயம் அது. வீட்டில் யார் முடிவெடுப்பார்கள், காலேஜுக்குப் பஸ் உண்டா, கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று மெதுவாகக் கேள்.

என்னிடம் படித்த ஒரு பெண்ணுக்கு நர்சிங் ஆசை. மார்க்கும் இருந்தது. அப்பா முடியவே முடியாது என்றார். கடைசி பஸ்ஸில் வந்தால் இருட்டில் விலக்கு ரோட்டிலிருந்து மகள் தனியாக நடக்க வேண்டுமே என்பதுதான் அவர் கவலை. ஹாஸ்டல் என்றாலே செலவு என்று நினைத்திருந்தார். அரசு மாணவியர் விடுதியில் தங்குவதும் சாப்பாடும் இலவசம் என்று சொன்னதை அவர் நம்பவில்லை. அவரையே கூட்டிப்போய்க் காட்டினோம். வார்டனிடம் பேசினார், சமையற்கட்டை எட்டிப் பார்த்தார், காம்பவுண்டு சுவரை ஒரு சுற்று சுற்றி வந்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். நர்சிங்கின் எதிர்காலம் பற்றி நான் எவ்வளவு பேசியிருந்தாலும் அந்தக் கையெழுத்து விழுந்திருக்காது.

விவரங்கள் உன் விரல் நுனியில் இருக்க வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. மருத்துவத்தில் 2020இல் வந்தது. பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்றவற்றில் 2021இல். அந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தால் கட்டணத்தை அரசே கட்டுகிறது. மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களும் இருக்கின்றன. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ் எல்லாவற்றையும் பரீட்சைக்கு முன்பே ஈ-சேவை மையத்தில் எழுதிப் போடச் சொல். பெயரில் இனிஷியல் மாறியிருந்தால்கூட அலைய விடுவார்கள்.

நீ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பதால் எல்லாரையும் அந்தப் பக்கமே தள்ளிவிடாதே. ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் என்று ஒரு பையன் சொன்னால் முகம் சுளிக்காதே. பிளஸ் டூவில் அறிவியல் பிரிவோ தொழிற்பிரிவோ முடித்தவன் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம், அங்கிருந்து பி.இ.யும் போகலாம் என்பது பல வீடுகளுக்குத் தெரியாது.

ரிசல்ட் வந்ததும் தனியார் கல்லூரி ஏஜெண்டுகள் வீடு தேடி வருவார்கள். இனிக்க இனிக்கப் பேசி அசல் சான்றிதழ்களை வாங்கிக்கொள்வார்கள். கவுன்சலிங்கில் நல்ல இடம் கிடைத்தாலும் பிள்ளை அங்கேயே மாட்டிக்கொள்ளும். அசலைச் சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டும், கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது யு.ஜி.சி. விதி. பெற்றோரிடம் இதை நீயே சொல்.

பள்ளிக்குள்ளேயே, ஆசிரியர் இருக்கும்போதே பிள்ளைகளைச் சந்தி. பணம் கொடுத்துப் பழக்காதே.

நாலைந்து பேர் போதும் உனக்கு. ஆனால் சேர்த்துவிட்டதோடு கைகழுவாதே. தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளை முதல் செமஸ்டரில்தான் ஒடிந்துபோகும். வகுப்பில் ஒன்றும் புரியாது, யாரிடமும் சொல்லாது, ஒருநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிடும். அந்த மாதங்களில் வாரம் ஒருமுறை நீயாகக் கூப்பிட்டு, "சாப்பிட்டியா, எந்தப் பேப்பர் கஷ்டமா இருக்கு?" என்று கேட்டால் பாதிப் பேர் தங்கிவிடுவார்கள். அதைச் செய்யாத வழிகாட்டலை நான் வழிகாட்டல் என்றே ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மே மாதம் ரிசல்ட் வரும் வாரத்துக்கு இப்போதே ஆபீஸில் லீவு சொல்லி வை, பாப்பா. அந்த வாரம்தான் நீ அவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அன்புடன்,
பெரியப்பா