வீட்டுக்குள் ஒரு துவையல் தவசு

தவம் என்றதும் காடும் மலையும்தான் பலருக்கு நினைவு வரும். வீடு வாசலையும் பிள்ளை குட்டியையும் விட்டுப் போகிறவரையே உலகம் தவசி என்கிறது. அய்யா வைகுண்டர் நம் முன்னோருக்குக் கொடுத்த தவசு அப்படிப்பட்டதல்ல. துவையல் தவசுக்காக வாகைப்பதிக்குச் சென்றவர்கள் 700 குடும்பத்தார். குடும்பம் குடும்பமாகவே போனார்கள். நாளுக்கு மூன்று முறை கடலில் நீராடினார்கள். உடுத்த துணியைத் துவைத்தார்கள். எளிய உணவை ஒரு வேளை உண்டார்கள். பின்பு முட்டப்பதியிலும் அந்தத் தவசைத் தொடர்ந்தார்கள். அங்கே பழகிய துப்புரவையும் ஒழுங்கையும் ஊருக்குக் கொண்டுவந்தார்கள்.

துணியின் அழுக்கு கண்ணுக்குத் தெரியும். மனத்தின் அழுக்கு எங்கே தெரியும்? கூட இருப்பவர்களிடம் பேசும்போதுதான் தெரியும். தனியே இருப்பவனுக்குப் பொறுமை உண்டா இல்லையா என்று யார் சொல்வது? அதனால் நம்மைத் துவைக்கிற கல் நம் வீடேதான்.

இது நான் பட்டு அறிந்த பாடம். ஒரு மாத முதல் ஞாயிறன்று, உச்சிப்படிப்புக்கு நேரமாகிவிட்டதென்று தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். வீட்டுக்காரி காலையிலேயே தாங்கல் அடுப்படி வேலைக்குப் போயிருந்தாள். உள்ளே பாயில் கிடந்த அம்மா, "மக்களே, கொஞ்சம் வெந்நி தா" என்றார்கள். "வந்து தாறேன், இரு" என்று எரிச்சலோடு சொல்லிவிட்டு நடந்தேன்.

தாங்கலில் கண்ணாடி முன் நின்றேன். நாமம் இட்ட நெற்றி தெரிந்தது. அதற்குக் கீழே எரிச்சல் மாறாத என் முகமும் தெரிந்தது. படிப்பு காதில் ஏறவில்லை. பாதியில் வீட்டுக்கு ஓடினேன். அம்மா சுவரைப் பிடித்து எழும்பப் பார்த்து, முடியாமல் அடுக்களை வாசலில் சரிந்து கிடந்தார்கள். என்னை ஒரு சொல் குறை சொல்லவில்லை. "படிப்பு முடிஞ்சா மக்களே?" என்றுதான் கேட்டார்கள்.

தாழ்ந்து கிடப்பவரைத் தூக்கி நிறுத்துவதே அய்யா காட்டிய தர்மம். அப்படிப்பட்டவரை ஊரெல்லாம் தேடுகிறோம். அன்று என் வீட்டில் தாழக் கிடந்தவர் என்னைப் பெற்றவர்.

உங்கள் வீட்டையும் ஒருமுறை பாருங்கள். தாங்கலில் எல்லாரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்கிறோம். வீட்டில் அந்தச் சமபந்தி உண்டா? எல்லாருக்கும் விளம்பிவிட்டு, அடிச்சட்டியில் மீந்ததைத் தனியே உண்கிறவள் யார்? தலைப்பாகை கட்டச் சொல்லி நம் மானத்தைக் காத்தார் அய்யா. அந்தத் தலைப்பாகையோடு நின்று மருமகளையோ பிள்ளைகளையோ தலைகுனியப் பேசினால், கலி வெளியில் இல்லை, நம் நாவில்தான் இருக்கிறது.

தாங்கலுக்குப் போவதைக் குறைக்கச் சொல்லவில்லை. பணிவிடையும் படிப்பும் நமக்கு உயிர். அங்கே பெற்றதை வீட்டில் செலவிட வேண்டும் என்பதே பாடம். இன்றைக்கே மூன்று காரியங்களைத் தொடங்கலாம். வீட்டில் நோயாளியும் முதியவரும் இருந்தால் முதல் தண்ணீர் அவர்களுக்கு. இரவுச் சாப்பாட்டுக்கு எல்லாரும் ஒன்றாக அமருங்கள். சமைத்தவளும் கூட அமரட்டும். படுக்கப்போகுமுன், அன்று யார் மனத்தை நோகடித்தோம் என்று நினைத்துப் பார்த்து, அவரிடமே போய்ப் பொறுக்கச் சொல்லுங்கள். மூன்றாவதுதான் கடினம். அதுதான் உண்மையான துவையல்.

அதன்பின் அம்மா இரண்டு வருடம் இருந்தார்கள். விடியலில் அவர்களுக்கு வெந்நீர் கொடுத்த பிறகே நான் உகப்படிப்புக்குப் புறப்படுவேன். சில நாள் தாமதமாகவும் போயிருக்கிறேன். ஆனால் கண்ணாடி முன் நிற்க அந்த நாட்களில் எனக்குக் கூச்சம் இருந்ததில்லை.

அய்யா உண்டு.