இரு மதில்களின் நடுவே
நெடுந்தீவு ஒழுங்கைகளைப் படம் பிடிக்கும் முறை

திறந்த வெளியைப் படம் பிடித்தல் எளிது. ஒடுங்கிய இடத்தைப் படம் பிடித்தல் அரிது. கடற்கரையிலே நின்று கருவியைத் திருப்பினால் வானமும் நீரும் மணலும் தாமே வந்து படத்தில் அமைந்துவிடும். இருபுறமும் சுவர் எழுந்து நிற்க, மேலே ஒரு கீற்று வானம் மட்டும் தோன்றும் இடத்திலோ, கண் கண்டது ஒன்றாகவும் கருவி காட்டுவது வேறொன்றாகவும் முடிகின்றது. இவ்வேறுபாட்டின் காரணத்தையும், அதனை வெல்லும் வழியையும் எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒடுங்கிய இடங்களைப் படமெடுக்கப் பயில்வோர் பலரும் எடுத்துக்காட்டாகக் கூறுவது, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் நவஹோ மக்களின் நிலத்திலுள்ள அன்ரிலோப் பள்ளத்தாக்கினையே. பாலைநிலத்து மணற்பாறையை மழைவெள்ளம் நெடுங்காலம் அரித்து உண்டாக்கிய பிளவு அது. வழிகாட்டியின்றி அங்கே எவரும் புகுதல் கூடாது. அத்துணைத் தூரம் செல்லும் வாய்ப்பு நம்முட் சிலருக்கே கிட்டும். ஆயின், அங்கே பயன்படும் விதிகளைப் பயின்றறிதற்கு ஏற்ற இடம் நமது தீவகத்திலேயே உண்டு. முருகைக்கற்களைச் சாந்தின்றி ஒன்றன்மேலொன்றாக அடுக்கிய மதில்களுக்கிடையே ஓடும் ஒழுங்கைகளும், கூரையிழந்து நிற்கும் பழங்கோட்டையும், ஆள் புகத்தக்க பெருக்கமரப் பொந்தும் உடைய நெடுந்தீவே அவ்விடம்.

ஒரு பிழை

முதற்கண், யான் செய்த பிழையொன்றைக் கூறுதல் முறையாகும். நம் கல்லூரி விடுதியில் என்னுடன் தங்கிப் பயின்ற நெடுந்தீவு நண்பர் ஒருவர் நெடுங்காலமாகக் கடல் கடந்து வாழ்கின்றார். யான் அத்தீவிற்குச் செல்லவிருப்பதை அறிந்து, தம் பழைய வீட்டுக்குச் செல்லும் ஒழுங்கையை மட்டும் படமெடுத்து அனுப்புமாறு வேண்டினார். நண்பகலில், ஒழுங்கையின் நடுவே நின்று, கருவியைக் கண்மட்டத்திற் பிடித்து ஒரு படம் எடுத்தேன். கூட்டத்தார் விரைவுபடுத்தவே வண்டியில் ஏறிக்கொண்டேன். படத்தின் பாதி வெளிறிய வானம். மீதி கரிய இரு சுவர்கள். நண்பர் எழுதிய மறுமொழி ஒரே வரி: “வானம் தெரிகின்றது, ஒழுங்கை எங்கே?”

மறுமுறை திருத்தமாக எடுத்து அனுப்பலாம் என்று எண்ணியிருந்தேன். இரண்டு ஆண்டுகள் கழித்துச் சென்றபோது, மாரிமழையில் அம்மதிலின் பெரும்பகுதி சரிந்து கிடந்தது. அவ்விடத்தில் முட்கம்பி இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. பின்வரும் குறிப்புக்கள் அப்பிழையிலிருந்து யான் கற்றவை.

ஒளி வரும் வழி

ஒடுங்கிய இடத்திற்கு ஒளி மூன்று வழிகளால் வருகின்றது. ஒன்று, ஞாயிற்றின் நேரொளி. இரண்டு, வானத்தின் பரந்த ஒளி. மூன்று, வெயில் பட்ட ஒரு பரப்பிலிருந்து தெறித்து எதிர்ப்பரப்பில் விழும் ஒளி. இம்மூன்றனுள் படத்திற்கு உயிர் தருவது மூன்றாவதே. அன்ரிலோப் பள்ளத்தாக்கின் பாறைகள் உள்ளிருந்தே எரிவன போலத் தோன்றுதற்குக் காரணம், மேற்பாறையிற் பட்ட வெயில் சுவருக்குச் சுவர் தெறித்து இறங்குவதேயாம்.

நெடுந்தீவிலே இத்தொழிலைச் செய்வது தரையாகும். ஒழுங்கையின் வெளிறிய மணலில் வெயில் விழும்போது, அம்மணல் ஒரு வெண்திரை போலாகி, நிழலில் நிற்கும் மதிலைக் கீழிருந்து ஒளியூட்டுகின்றது. அவ்வேளையில் முருகைக்கல்லின் ஒவ்வொரு புழையும் வரியும் புலப்படும். ஆகவே மதிலை மட்டும் பாராது, மணலில் வெயில் எவ்விடத்தில் விழுகின்றது என்பதை முதலிற் பார்த்தல் வேண்டும்.

வெயிலுக்கும் திறந்தவெளி நிழலுக்கும் ஒளியளவில் ஏறத்தாழ எட்டு மடங்கு வேறுபாடு உண்டு. மரப்பொந்தின் உட்புறத்தோடு ஒப்பிட்டால் அவ்வேறுபாடு நூறு மடங்கினையும் விஞ்சும். நம் கண், பார்க்கும் இடந்தோறும் தன்னைத் திருத்திக்கொள்கின்றது. கருவியோ ஒரு படத்திற்கு ஓரளவையே கொள்ளும். எனவே முதல் விதி இது: வானத்தைப் படத்தினின்றும் நீக்குக. கருவியைச் சற்றுத் தாழ்த்தியேனும், ஒழுங்கை வளையுமிடத்தில் மதிலே வானத்தை மறைக்கும்படி நின்றேனும், பனையோலைகளால் மேற்புறத்தை அடைத்தேனும் இதனைச் செய்யலாம். வானத்தை விட்ட அளவிற்கு மதில் விளங்கும்.

காலமும் திசையும்

குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் செல்லும். காலைப் படகிற் சென்று பிற்பகற் படகில் மீள்வோர்க்குக் கிடைப்பது பெரும்பாலும் உச்சிவெயிலே. படமெடுப்போர் உச்சிவெயிலைப் பழிப்பது வழக்கம். திறந்த வெளிக்கு அப்பழி பொருந்தும். ஒடுங்கிய இடத்திற்கு முற்றும் பொருந்தாது. உயர்ந்த சுவர்களுக்கிடையே வெயில் அடிவரை இறங்குவது ஞாயிறு உச்சியை அணுகும்போதேயாம்.

நெடுந்தீவு வடக்கு அகலக்கோடு 9½ பாகை அளவில் உள்ளது. அதனால் ஞாயிறு அங்கே ஆண்டில் இருமுறை, சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் ஓகஸ்ட் மாத இறுதியிலும், தலைக்கு நேரே நிற்கும். அந்நாட்களின் நண்பகலில் மதில்களுக்கு நிழலே இல்லை; படமும் தட்டையாகும். டிசம்பரிலோ, நண்பகல் ஞாயிறு தெற்கே 33 பாகை சாய்ந்திருக்கும். கிழக்கு மேற்காக ஓடும் ஒழுங்கையில் ஐந்தடித் தென்மதிலின் நிழல் மூன்றடிக்கு மேல் விழும். எஞ்சிய மணல் வெயிலில் ஒளிரும். வடமதிலின் முகமும் வெயில் பெறும். மேலே கூறிய மூன்று ஒளிகளும் ஒருங்கே வாய்க்கும் வேளை அது. ஜூன் மாதத்திலே ஞாயிறு வடக்கே 14 பாகை மட்டும் சாய்வதால், நிழல் ஓரடியளவே இருக்கும்.

வடக்குத் தெற்காக ஓடும் ஒழுங்கைகளுக்கு முறை வேறு. அங்கே காலை ஒன்பது மணி சிறிது கடந்தும், பிற்பகல் மூன்று மணி சிறிது கடந்தும் மதிலின் உயரமும் நிழலின் அகலமும் ஏறத்தாழச் சமமாகும். தீவில் இரவு தங்குவோர்க்கே இவ்வொளி கிட்டும். சாந்தற்ற மதிலாதலின், தாழ்ந்த வெயில் கல்லிடுக்குக்களின் வழியே பொட்டுப்பொட்டாக ஒழுகி எதிர்ப்புறத்திற் படிவதை அப்போது காணலாம்.

மூன்று இடங்கள்

ஒழுங்கையைப் படமெடுக்கும்போது மிக அகன்ற வில்லையைக் கையாளுதல் நன்றன்று. அது மதில்களை விலக்கிக் காட்டி, ஒடுக்கத்தையே அழித்துவிடும். 35 முதல் 50 மில்லிமீற்றர் வரையுள்ள வில்லை போதியது. கைத்தொலைபேசியாயின், அரைமடங்குக் காட்சியை விடுத்து ஒருமடங்கிலேனும் இருமடங்கிலேனும் எடுத்தல் வேண்டும். முழந்தாளிட்டு எடுத்தால் மதில் உயர்ந்து நிற்கும். ஒருவர் நடந்து வருவாராயின் அளவு விளங்கும். அவர் வெயிற்கீற்றினுள் அடிவைக்கும் கணமே படமெடுக்கும் கணம்.

பழங்கோட்டை போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் கைக்கொண்டது என்பர். தடித்த சுவர்களின் வாயில்களும் சாளரங்களும் இயல்பான சட்டங்களாக அமையும். உள்ளே நிழலில் நின்று வெளியே நோக்குமிடத்து, வெளி வெயிலுக்கு ஒளியளவை அமைத்தல் வேண்டும். வாயிலின் உட்பக்கம் தானே மெல்லிய ஒளி பெற்று விளங்கும். படத்திற்காகச் சுவரில் ஏறுதல் சின்னத்திற்கும் தீங்கு, ஏறுவோர்க்கும் தீங்கு.

பெருக்கமரப் பொந்து மூன்றனுள் மிக ஒடுங்கியது. ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இம்மரத்தின் வயிற்றினுள் நின்றால், வாயில் வழியே வரும் ஒளி ஒன்றே துணை. ஒளிக்கு எதிராக நிற்போர் முகம் கருகும். அவரை வாயிலுக்குப் பக்கவாட்டில், உட்சுவரை ஒட்டி நிறுத்தி, நாமும் ஒளிக்குப் புறங்காட்டி நின்றால் முகமும் மரத்தின் சுருக்கங்களும் ஒருங்கே தெளியும்.

கருவியை அமைத்தல்

1. ஒளிமிக்க மதிற்பரப்பைக் கொண்டு ஒளியளவை அமைக்குக. நிழலைப் பின்னர்ச் சிறிது உயர்த்தலாம். வெளிறிப்போன கல்லை மீட்டல் இயலாது. கைத்தொலைபேசியில் அவ்விடத்தைத் தொட்டு, ஒளியளவை ஒருபடி குறைத்தல் போதும்.

2. மின்வெட்டொளியை அணைத்துவிடுக. அது தெறித்தொளியை அழித்து, கல்லின் புழைகளைத் தட்டையாக்கும்.

3. நிழலிலுள்ள கல் வானொளியால் நீலம் பாய்ந்து தோன்றும். நிற அமைப்பை நிழலுக்கெனக் குறித்துள்ள நிலையில் வைத்தால் முருகைக்கல்லின் சாம்பல் வெண்மை மீளும்.

4. துவாரம் எட்டு என்னும் எண்ணில் ஒழுங்கை முழுதும் தெளிவாகும். பொந்தினுள் துவாரத்தை விரித்து, ஐ.எஸ்.ஓ. அளவை 800 அல்லது 1600 ஆக உயர்த்துக. கூட்டத்தோடு செல்வோர்க்கு முக்காலி இடையூறே. முழங்கைகளை விலாவோடு சேர்த்து, மூச்சை அடக்கி எடுத்தல் போதும்.

5. கை நடுக்கத்திற்கு அஞ்சி மதிலிற் சாய்தல் ஆகாது. சாந்தில்லாத மதிலில் ஒரு கல் அசைந்தால் பல கற்கள் சரியும்.

6. வில்லையை ஒழுங்கையில் நின்று மாற்றற்க. சோளகக் காற்று மணலையும் உப்பையும் ஒருங்கே கொணரும். படகில் கருவி பொலித்தீன் பையினுள் இருத்தல் நன்று.

வழிகாட்டியும் கடலும்

1997 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 12 ஆந் திகதி அன்ரிலோப் பள்ளத்தாக்கிலே, பல மைல் தொலைவிற் பெய்த மழையின் வெள்ளம் திடீரெனப் பாய்ந்து பதினொரு பயணிகளை மாய்த்தது. தலைக்குமேல் வானம் தெளிந்திருத்தல் பாதுகாப்பிற்குச் சான்றாகாது என்பதனை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று. நெடுந்தீவில் அத்தகைய வெள்ளம் இல்லை. ஆயின் கடல் உண்டு. காற்று மாறுமாயின் படகு நேரமும் மாறும். புறப்படுவோம் என்று வழிகாட்டி கூறின், இன்னும் ஒரு படம் என்று நிற்றல் தகாது.

ஆதலின், தீவில் இறங்கியவுடனேயே வழிகாட்டியிடம் இரண்டு செய்திகளைக் கூறிவிடுதல் வேண்டும்: ஒழுங்கை ஒன்றில் கால்மணி நேரம் நடக்க விரும்புகின்றோம் என்பது ஒன்று, அது வடக்குத் தெற்காக ஓடுவதோ, கிழக்கு மேற்காக ஓடுவதோ என்று வினவுதல் மற்றொன்று. கூட்டம் முன்னே செல்ல விட்டுப் பின்தங்கி எடுத்தால் ஒழுங்கை வெறிதாகக் கிடைக்கும். மதிலுக்கு அப்பால் இருப்பது ஒருவருடைய வளவு என்பதை மறத்தல் ஆகாது. படலைக்குள் கருவியை நீட்டுமுன் வீட்டாரிடம் கேட்டல் பண்பு. கடற்படை நிலைகளைப் படமெடுத்தலும் தவிர்க்கத்தக்கது.

முடிவுரை

இக்குறிப்புக்களெல்லாம் அழகிய படம் ஒன்றிற்காக மட்டும் எழுதப்பட்டனவல்ல. முருகைக்கல் மதில் விழுந்தால், அதே முறையில் மீளக் கட்டுதல் எளிதன்று. கடலிலிருந்து முருகைக்கல் எடுப்பதைச் சட்டம் தடுக்கின்றது. அத்தடை கடலுயிர்க்கு வேண்டியதே. கல்லின் இயல்பறிந்து ஒன்றோடொன்று பொருத்தி அடுக்கத் தெரிந்த கைகளும் அருகி வருகின்றன. வீட்டார் கடல் கடந்த வளவுகளில், சரிந்த மதிலை எடுத்து அடுக்க ஆளில்லை.

நம் பழைய மாணவருள் தீவகத்தார் பலர். அவர்களும், அவர்தம் ஊரைக் காணச் செல்லும் ஏனையோரும், தாம் நடந்த ஒழுங்கை ஒன்றனையேனும் திருத்தமாகப் படமெடுத்து, அது எவ்வூரில் எத்திசை நோக்கி ஓடுவது என்பதையும் எடுத்த நாளையும் குறித்து வைப்பாராக. அப்படம் பின்வருவோர்க்கு ஆவணமாகும்.

என் நண்பருக்கு யான் இறுதியில் அனுப்பியது, அவ்வொழுங்கையில் எஞ்சியிருந்த பத்தடி மதிலின் படம். வானம் அதில் இல்லை. மணலின் ஒளி பட்டுக் கற்கள் தனித்தனியே தெரிந்தன. அவற்றுள் இரண்டைத் தம் தந்தையார் வைத்தது தமக்கு நினைவிருப்பதாக அவர் எழுதினார்.