விசாரிப்பது உன் வேலை இல்லை



மூணாம் வகுப்புப் பிள்ளையின் தொடையில் கரண்டிக் காம்பு அகலத்துக்குச் சூட்டுத் தழும்பு. முதல் நாள் அடுப்பில் பட்டது என்றவள் மறுநாள் இஸ்திரிப் பெட்டி என்கிறாள் என்று எழுதியிருந்தாய். 'கொஞ்ச நாள் கவனித்து, உறுதியானதும் சொல்லலாமா பெரியம்மா?' என்றும் கேட்டிருக்கிறாய். வேண்டாம். இன்றே சொல்.

உறுதிப்படுத்தப் போலீஸ் இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், மாவட்டத்தில் குழந்தைகள் நலக் குழு இருக்கிறது. உனக்குச் சந்தேகம் வந்தாலே போதும். ஓடி விழுந்த பிள்ளைக்கு முட்டி சிராய்க்கும், முழங்கை சிராய்க்கும், நெற்றி புடைக்கும். தொடையின் உட்புறம், முதுகு, காதின் பின்பக்கம் அப்படித் தானாக அடிபடாது. அதுவும் தழும்பு ஒரு பொருளின் வடிவத்தில் இருந்து, காரணமும் நாளுக்கொன்றாக மாறினால் யோசிக்க என்ன இருக்கிறது? சூடு போட்டால்தான் அடங்கும் என்று சொல்கிறவர்கள் நம் ஊரில் இன்னும் உண்டு. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தில் அது குற்றம்; மூன்றாண்டு வரை சிறை.

அதே சட்டம் கவனிக்காமல் விடுவதையும் குற்றம் என்கிறது, ஆனால் 'வேண்டுமென்றே' விட்டால். இதை மறந்துவிடாதே. எண்ணெய் காணாத தலையும் கிழிந்த சீருடையும் வறுமை. அந்த வீட்டுக்குத் தேவை உதவி, புகார் அல்ல. காய்ச்சலில் கொதிக்கும் பிள்ளையை, வசதி இருந்தும், நாள் கணக்கில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகாததுதான் புறக்கணிப்பு. படித்த வாத்தியார்களே இதைக் குழப்பிக்கொள்வார்கள்.

குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் பண்ணு. இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது. அதற்கு முன் அவள் வீட்டுக்குத் தகவல் சொல்லிவிடாதே. அன்றைக்கு ராத்திரி அந்தப் பிள்ளை என்ன பாடுபடும் என்று நினைத்துப் பார். அவளைத் துருவித் துருவிக் கேட்காதே. அப்பா செய்தாரா, சித்தி செய்தாளா என்று நீயாகப் பெயர் எடுத்துக் கொடுக்கவே கூடாது. அவளாகச் சொன்னால் கேள். சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதித் தேதி போடு. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று மட்டும் சத்தியம் பண்ணாதே, காப்பாற்ற முடியாது.

பாலியல் சீண்டல் என்ற சந்தேகம் துளி இருந்தாலும் வழி வேறு. 2012 போக்சோ சட்டப்படி நேரே போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். தெரிந்தும் சொல்லாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை. 'ஹெச்.எம்.மிடம் சொல்லிவிட்டேன்' என்பது அங்கே செல்லாது. நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது வழக்குப் போட முடியாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. பிள்ளையை ஸ்டேஷனுக்கு இழுப்பார்களோ என்று பயப்படாதே. வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோதான் வாக்குமூலம் வாங்க வேண்டும், வருகிற போலீஸ் யூனிஃபார்மில் இருக்கக் கூடாது.

உங்கள் ஹெச்.எம். 'ஸ்கூல் பெயர் கெடும்' என்றாராமே. அவருக்கு ஓய்வு பெறும் வரை வம்பு வரக் கூடாது, அவ்வளவுதான். தகவல் சொல்லிவிட்டு உன் வேலையைப் பார். ஸ்டாஃப் ரூமில் அவள் பெயர் அடிபடவே கூடாது. வகுப்பிலும் அவளுக்கென்று தனிச் சலுகை காட்டாதே, மற்றப் பிள்ளைகள் உடனே மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

போன் பண்ணிய நேரம், எடுத்தவர் பெயர் இரண்டையும் டைரியில் குறித்து வை. யாரும் வந்து பார்க்கவில்லை என்றால் மறுநாளே திரும்பக் கூப்பிடு, அப்புறம் எனக்கும் ஒரு போன் போடு.

பெரியம்மா