நீரினின்று மின்சாரமா? – எரிபொருள் மின்கலம் ஓர் அறிமுகம்

சேலம் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில், ஒருபுறம் கொல்லிமலையும் மறுபுறம் பச்சைமலையும் அரண் செய்ய அமைந்துள்ள பேரூர் தம்மம்பட்டி. மரச்சிற்பத்தால் பெயர் பெற்ற இவ்வூரில் சிற்பியின் உளியோசைக்கு அடுத்தபடியாக ஓயாது கேட்பது கிணற்று மோட்டாரின் ஓசையே எனலாம். மரவள்ளியும் பாக்கும் நெல்லும் அம்மோட்டாரை நம்பியே விளைகின்றன. அவ்வூரைச் சார்ந்த எம் மாணவர் ஒருவர், அறிவியல் தமிழ் வகுப்பு முடிந்தபின் எம்மை அணுகி, "ஐயா, தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்து மின்சாரம் எடுக்கலாம் என்கிறார்களே, எங்கள் கிணற்று மோட்டாருக்கு அது ஆகுமா?" என வினவினார். அவ்வினாவே இக்கட்டுரைக்குக் கால்கோள்.

இத்தகைய வினாவை எதிர்கொள்ளும்போது சற்று எச்சரிக்கை வேண்டும். 1996ஆம் ஆண்டு 'மூலிகைப் பெட்ரோல்' என்னும் பேச்சு தமிழகமெங்கும் எழுப்பிய பரபரப்பையும், ஆய்வுக்கூடச் சோதனையில் அது நிலைபெறாது போனதையும் மூத்தோர் மறந்திரார். எனவே முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவோம். நீர் எரிபொருள் அன்று. விறகு எரிந்து முடிந்தபின் சாம்பல் எஞ்சுவது போல, ஹைட்ரஜன் எரிந்து முடிந்தபின் எஞ்சுவதே நீர். சாம்பலை மீண்டும் விறகாக்க வேண்டுமெனில் எரிந்தபோது வெளிப்பட்ட ஆற்றலைத் திரும்பச் செலுத்தியாக வேண்டும். நீரை மின்னாற்பகுப்பால் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிப்பதும் அத்தகைய செயலே. ஆகவே ஹைட்ரஜன் தானே ஊறும் ஆற்றல் ஊற்று அன்று. வேறோர் இடத்தில் பெற்ற ஆற்றலைச் சுமந்து வரும் குடம்.

அக்குடத்திலிருந்து மின்சாரத்தை வார்க்கும் கருவியே எரிபொருள் மின்கலம். இப்பெயரில் 'எரி' என்னும் சொல் அமைந்திருப்பினும் கலத்தினுள் எதுவும் தீப்பற்றி எரிவதில்லை என்பதைச் சொல்லாராய்ச்சியில் ஈடுபாடுடையோர் கருத்திற்கொள்ள வேண்டும். ஹைட்ரஜன் என்னும் சொல்லின் கிரேக்க மூலத்திற்கு 'நீரை ஆக்குவது' என்பது பொருள். தமிழில் நீரகம் என்றும், நீர்வளி என்றும் ஆக்கப்பட்ட சொற்கள் பொருத்தமானவையே. ஈழத்து நூல்கள் ஐதரசன் என எழுதும். எனினும் நம் மாணவர் பாடநூலில் கற்ற சொல்லையே நாம் ஈண்டு ஆள்கின்றோம்.

கலத்தின் நடுவே மெல்லிய படலம் ஒன்று உண்டு. அதன் ஒருபக்கத்து மின்வாயில் ஹைட்ரஜன் வந்து சேர, அங்குள்ள பிளாட்டினம் வினையூக்கியாக நின்று ஒவ்வோர் அணுவையும் புரோட்டான், எலக்ட்ரான் எனப் பிரிக்கிறது. படலம் புரோட்டானுக்கு மட்டுமே வழிவிடும். வழி மறுக்கப்பட்ட எலக்ட்ரான் புறத்தேயுள்ள கம்பியின் வழியே சுற்றிச் செல்கிறது. அவ்வோட்டமே நமக்கு வேண்டிய மின்சாரம். மறுபக்கத்து மின்வாயில் இரண்டும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடி நீராகின்றன. ஒரு கலத்தின் மின்னழுத்தம் கோட்பாட்டளவில் 1.23 வோல்ட், பயன்பாட்டில் ஏறத்தாழ 0.7 வோல்ட். எனவே பல கலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியே பயன்படுத்துவர். புகை இல்லை, கரி இல்லை, பெரும் ஓசையும் இல்லை.

இத்தத்துவத்தை 1839இல் செய்து காட்டியவர் வில்லியம் குரோவ். அவர் வழக்கறிஞராகவும், பின்னர் நீதிபதியாகவும் விளங்கியவர் என்பது சுவையான செய்தி. அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அது பெரிதும் ஆய்வுக்கூட வியப்பாகவே இருந்தது. 1959இல் ஆங்கிலப் பொறியாளர் பிரான்சிஸ் தாமஸ் பேக்கன் 5 கிலோவாட் ஆற்றலுள்ள அடுக்கினை இயக்கிக் காட்டிய பின்னரே உலகம் திரும்பிப் பார்த்தது. அப்பல்லோ விண்கலங்களில் மின்சாரமும் குடிநீரும் இக்கலங்களிலிருந்தே கிடைத்தன. 1970 ஏப்ரலில் அப்பல்லோ 13இன் ஆக்சிஜன் தொட்டி வெடித்தபோது மூச்சுக்காற்றோடு மின்சாரத்திற்கும் குடிநீருக்கும் ஒருசேரத் தட்டுப்பாடு நேர்ந்ததன் காரணம் இதுவே.

தமிழகம் இத்துறைக்குப் புதியதன்று. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் ஈந்ததன் பயனாகக் காரைக்குடியில் அமைந்த மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் 1953இல் திறக்கப்பட்டது. மின்கலம் குறித்த ஆராய்ச்சிக்கு இந்நாட்டில் அதுவே தாய்வீடு என்பது மிகையாகாது. சென்னையில் எரிபொருள் மின்கலத் தொழில்நுட்பத்திற்கெனவே ஒரு மையம் இயங்குகிறது. 2024 சனவரி முதல் நாள் விண்ணில் ஏவப்பட்ட பி.எஸ்.எல்.வி. சி-58 ஏவுகலத்தின் மேல்தளத்தில் இசுரோ இத்தகைய கலத்தை இயக்கி 180 வாட் மின்சாரம் பெற்றது. சென்னைப் பெரம்பூர் இரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஹைட்ரஜனால் இயங்கும் பெட்டி 2025 சூலையில் சோதிக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் மணிக்கு 10 கனமீட்டர் பசுமை ஹைட்ரஜன் ஆக்கும் முன்னோடி நிலையம் தொடங்கப்பெற்றது. துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குகளுக்கு அதனைப் பயன்படுத்துவது திட்டம். நடுவணரசு 2023 சனவரியில் ரூ. 19,744 கோடியில் தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்திற்கு ஒப்புதல் அளித்தது.

இவையெல்லாம் தொலைவிலுள்ளவை எனத் தம்மம்பட்டி மாணவர் எண்ணக்கூடும். ஆனால் அவரது மாவட்டத்திலேயே ஹைட்ரஜன் நெடுங்காலமாகப் பிறந்து வருகிறது! மேட்டூரில் உப்புக்கரைசலை மின்னாற்பகுத்துக் காஸ்டிக் சோடா செய்கின்றனர். அவ்வினையில் ஒரு டன் காஸ்டிக் சோடாவுக்கு 25 கிலோ ஹைட்ரஜன் துணைப்பொருளாக வெளிப்படும் என்பது வேதியியல் கணக்கு. இனி ஒரு வினா எழுகிறது. மின்னாற்பகுப்புக்குரிய மின்சாரம் நிலக்கரியை எரித்துப் பெற்றதாயின் அந்த ஹைட்ரஜன் தூயதாகுமா? கலத்தின் வாயில் புகை வாராதிருக்கலாம். அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியில் வந்திருக்குமே! உலகில் இன்று ஆக்கப்படும் ஹைட்ரஜனில் மிகப்பெரும் பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் பெறப்படுவதே. எரிவாயு வழியில் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஏறத்தாழ 9 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. எனவே 'ஹைட்ரஜன் தூய ஆற்றல்' என்று மேடைதோறும் முழங்குவோரிடம், அது எங்கே பிறந்தது என்று கேட்பது நம் கடமை.

இனி மோட்டாருக்கு வருவோம். ஒரு கிலோ ஹைட்ரஜனில் ஏறத்தாழ 33 யூனிட் ஆற்றல் அடங்கியுள்ளது. எடைக்கு எடை பெட்ரோலினும் இது இருமடங்குக்கும் அதிகம். மின்கலம் அதில் பாதியளவை, அஃதாவது 16 யூனிட்டை, மின்சாரமாகத் தரும் எனக் கொள்வோம். 5 குதிரைத்திறன் மோட்டார் அதனைக் கொண்டு சுமார் மூன்றரை மணி நேரம் ஓடும். நன்று. ஆனால் அந்த ஒரு கிலோவை நீரிலிருந்து பிரிக்க 50 யூனிட்டுக்கும் மேல் செலவாகும். அந்த 50 யூனிட்டை நேரே மோட்டாருக்குக் கொடுத்திருந்தால் அது பத்து மணி நேரம் ஓடியிருக்கும். நீரின் தேவை பெரிதன்று. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9 லிட்டர் தூயநீர் போதும். இடமே இடர்: இயல்பான அழுத்தத்தில் அந்த ஒரு கிலோ 11,000 லிட்டர் இடத்தை அடைக்கும். அதனை வளிமண்டல அழுத்தத்தைப் போல் 350 மடங்கோ 700 மடங்கோ அழுத்தி உருளையில் அடைத்தல் வேண்டும். அன்றேல் சுழிக்குக் கீழ் 253 பாகைக்குக் குளிர்வித்து நீர்மமாக்க வேண்டும். இரண்டுக்கும் மேலும் ஆற்றல் செலவாகும்.

பேட்டரியில் சேமித்தால் செலுத்திய மின்சாரத்தில் பெரும்பகுதி மீளும். ஹைட்ரஜன் வழியே மூன்றிலொரு பங்குதான் மீளும். அவ்வாறாயின் இக்கலத்தால் பயன் என்னை? பேட்டரியின் பாரம் தாங்காத கப்பலுக்கும், நெடுந்தொலைவு ஓடும் சரக்கு வண்டிக்கும், மின்கம்பி இல்லாத இருப்புப்பாதைக்கும், ஆடிக்காற்றில் மிகும் மின்சாரத்தை மாதக்கணக்கில் காத்து வைப்பதற்கும் இதன் தேவை மெய்யானது. சவ்வரிசி ஆலைகள் நிறைந்த ஆத்தூர் வட்டாரத்திற்கு இன்னொரு வாயிலும் உண்டு. ஆலைக் கழிவுநீரிலுள்ள மாவுப்பொருளை நுண்ணுயிர்கள் நொதிக்கச் செய்து ஹைட்ரஜன் ஆக்க வல்லன. சென்னை முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையம் வடிசாலைக் கழிவுநீரைக் கொண்டு இத்தகைய சோதனையை முன்னரே நிகழ்த்தியுள்ளது. சவ்வரிசிக் கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுக்கும் ஆலைகள் இப்பகுதியிலேயே உள்ளன. நாற்றத்திற்கும் நிலத்தடி நீர்க்கேட்டுக்கும் காரணமெனப் பழிக்கப்படும் அந்நீரை ஆற்றலாக மாற்றும் ஆய்வில் நம் வேதியியல் மாணவர்கள் ஈடுபடுவாராயின் மகிழ்வோம்.

இக்கணக்கை எழுதி அம்மாணவரிடம் காட்டினோம். நெடுநேரம் தாளைப் பார்த்துக் கொண்டிருந்தவர், "அப்படியானால் ஐயா, பகலில் சூரிய மின்தகடு கொண்டு மோட்டாரை ஓட்டித் தொட்டியை நிரப்பி வைத்துக்கொண்டு, வேண்டும்போது பாய்ச்சுவதே எங்களுக்கு ஆதாயம் அல்லவா?" என்றார். ஆம் என்றோம்.