ஆய்வு வாசல்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

இயற்பியல் ஆய்வுக்கு ஆசைப்படும் பிள்ளைகளில் பலரைத் திருப்பி அனுப்புவது மதிப்பெண் அல்ல. யாரோ சொன்ன தவறான தகவல். அத்தகைய தகவல்களில் நான்கை இங்கே சரிபார்ப்போம்.

நம்பிக்கை: வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் பிஎச்.டி. கட்டுப்படியாகும்.

உண்மை: சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை (ஜே.ஆர்.எஃப்.) பெற்றால் முதல் இரண்டாண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய். 2023 ஜனவரி முதல் இதுதான் நடைமுறை. விடுதி கிடைக்காதவர்களுக்கு வீட்டு வாடகைப்படி தனி. சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் போன்றவை தாங்கள் சேர்க்கும் மாணவர்களுக்குத் தாங்களே உதவித்தொகை தருகின்றன. கட்டணம் மட்டும் வாங்கிக்கொண்டு உதவித்தொகை தராத இடங்களும் உண்டு. சேரும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நம்பிக்கை: எம்.எஸ்சி. இயற்பியல் இல்லாதவருக்கு வழியே கிடையாது.

உண்மை: ஜெஸ்ட் என்ற கூட்டு நுழைவுத் தேர்வின் வழியே மாணவர்களைச் சேர்க்கும் நிறுவனங்களில் பல, பி.இ., பி.டெக். முடித்தவர்களையும் ஏற்கின்றன. பி.எஸ்சி. முடித்தவர்களுக்கு ஒருங்கிணைந்த பிஎச்.டி. இருக்கிறது.

நம்பிக்கை: கணினியில் செய்வது அசல் இயற்பியல் ஆகாது, அதற்கும் விலையுயர்ந்த கணினி வேண்டும்.

உண்மை: ஐதராபாத்தில் பிறந்த அனீசூர் ரஹ்மான், 1964இல் அமெரிக்காவின் ஆர்கோன் தேசிய ஆய்வகத்தில், 864 ஆர்கான் அணுக்கள் திரவத்தில் எப்படி நகர்கின்றன என்று கணினியில் கணக்கிட்டுக் காட்டினார். கணினி இயற்பியலுக்கு அமெரிக்க இயற்பியல் சங்கம் தரும் பரிசு இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவருக்கு அன்று பெரிய கணினி தேவைப்பட்டது. உங்களுக்குச் சாதாரண மடிக்கணினி போதும். அணுக்களின் நகர்வைக் கணக்கிடும் லாம்ப்ஸ், குரோமாக்ஸ் போன்ற மென்பொருள்கள் இலவசம். அவற்றில் அதே திரவ ஆர்கானைக் கணக்கிட்டு, ஓர் அணுவைச் சுற்றி மற்ற அணுக்கள் எந்தத் தொலைவில் மிகுதியாக நிற்கின்றன என்று வரைந்து பாருங்கள். ரஹ்மானுக்குக் கிடைத்ததுபோல 3.7 ஆங்ஸ்ட்ராம் அருகே முதல் முகடு எழும். ‘உங்களிடம் ஆய்வு செய்ய விரும்புகிறேன்’ என்று ஐம்பது பேராசிரியர்களுக்கு ஒரே கடிதத்தை அனுப்புவதைவிட, இந்த வரைபடத்தை இணைத்து, தொடர்புள்ள ஒருவருக்கு எழுதும் கடிதத்துக்கு மதிப்பு அதிகம்.

நம்பிக்கை: வேலை கிடைக்காதவர்தான் போஸ்ட்டாக் போவார்.

உண்மை: பிஎச்.டி.க்குப் பின் செய்யும், பெரும்பாலும் இரண்டு, மூன்று ஆண்டு ஒப்பந்த ஆய்வுப் பணி அது. வழிகாட்டியின் நிழலிலிருந்து வெளியே வந்து, சொந்தக் கேள்வியோடு நிற்கும் காலம். நிரந்தரப் பணி அல்ல என்பதையும் மறைக்க வேண்டாம். கோட்பாட்டு இயற்பியலில் அடுத்த ஆண்டு செப்டம்பரில் சேர, முந்தைய அக்டோபர் முதலே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். பரிந்துரைக் கடிதங்களை எழுதுபவர்களே நேரடியாக அனுப்புவார்கள். அவர்களிடம் ஒரு மாதம் முன்பே சொல்லிவையுங்கள்.

கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த ஜெஸ்ட் அறிவிப்பு வரும் நாளில் அதை அச்செடுத்துத் துறையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். கடைசி பெஞ்சில் இருப்பவர் கண்ணிலும் அது பட வேண்டும்.