உறக்கத்தில் பல் கடிப்போருக்கு

 

காலையில் எழும்போதே தாடை இறுகி, நெற்றிப்பொட்டு வலிக்கிறது என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கி விழுங்குவோர் நம்மூரிலும் உண்டு. அவர்களில் சிலர் இரவில் பல்லை நறநறவெனக் கடிப்பவர்கள். பக்கத்தில் படுப்பவர் சொன்னால்தான் தெரியும். வயிற்றில் பூச்சி என்று மருந்து கொடுப்பது பழைய வழக்கம். அதற்குத் தக்க ஆதாரமில்லை. மனக்கவலை, ராத்திரி ஷிப்டில் கெட்ட தூக்கம், புகை, அதிகமான டீ, சில மனநல மாத்திரைகள் (நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்) இதைக் கூட்டும். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் வளர வளரத் தானே நின்றுவிடும்.

தேய்ந்த எனாமல் மறுபடி வளராது. அதைக் காக்கவே பல் மருத்துவர் அச்செடுத்து ‘நைட் கார்டு’ எனும் உறை செய்து தருகிறார். கடிப்பதை அது நிறுத்தாது. பல்லுக்குப் பதில் உறை தேயும், அவ்வளவே. வெந்நீரில் நனைத்துக் கடித்துப் பொருத்தும் மலிவு உறை பலருக்குச் சரியாக அமைவதில்லை. செலவுக்கு அஞ்சுவோர் சேலம், திருச்செங்கோடு பக்கத்துப் பல் மருத்துவக் கல்லூரிகளில் விசாரிக்கலாம்.

காலையில் கழற்றி, பச்சைத் தண்ணீரில் பிரஷ்ஷால் தேய்த்து, ஈரம் உலர்த்தி வையுங்கள். வெந்நீரில் வளைந்துவிடும்.

கடமையான குளிப்பில் வாய் கொப்பளிப்பது ஹனஃபி மத்ஹபில் ஃபர்ளு. கழற்றக்கூடிய உறையாதலால் எடுத்துவிட்டே கொப்பளிக்க வேண்டும். உளூவிலும் அப்படியே செய்வது நல்லது.

பலத்த குறட்டையும் பகலில் தூக்கக் கலக்கமும் சேர்ந்திருந்தால் மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு நிற்கும் நோயாக இருக்கலாம். அதற்கு இந்த உறை போதாது.