துள்ளி நடக்கும் இடக்கை
பியானோ பழகுவோர்க்கு ஒரு பாடம்

பியானோ பழகத் தொடங்கும் பிள்ளை வலக்கையால் பாட்டின் மெட்டை வாசிக்கச் சில மாதங்களிலேயே கற்றுக் கொள்கின்றது. வீட்டாரும் மகிழ்ச்சி அடைகின்றனர். ஆனால் இடக்கையால் பக்கவாத்தியம் சேர்க்கும் கட்டம் வந்ததும் எல்லாம் குழம்பி விடுகின்றது. இடக்கை தடுமாற, வலக்கையும் நின்று விடும். "இவளுக்குச் சங்கீத ஞானம் இல்லை" என்று பெற்றார் முடிவு கட்டுவதும், பியானோ மூடப்படுவதும் இவ்விடத்திலேதான். குறை பிள்ளையிடம் இல்லை. பழகும் முறையிலேயே இருக்கின்றது. ஆகவே இடக்கையின் துள்ளல் நடையை இன்று படிப்படியாகப் பார்ப்போம்.

இந்த நடையின் இரகசியம் எளிது. அணிவகுப்பு பாண்டு வாத்தியத்தை நினைத்துப் பாருங்கள். பெரிய ஊதுகுழல் "பூம்" என்று கீழ்ச்சுரத்தை ஒலிக்கும். சிறிய குழல்கள் "பா" என்று மேலே பதில் சொல்லும். இந்த இருவர் வேலையையும் பியானோவில் இடக்கை ஒன்றே செய்கின்றது. அமெரிக்காவின் ஸ்கொட் ஜொப்ளின் 1899இல் வெளியிட்ட 'மேப்பிள் லீப் றாக்', 1902இல் வெளியிட்ட 'தி என்ரடெய்னர்' ஆகியவற்றில் இந்நடையைத் தெளிவாகக் கேட்கலாம். பின்னர் நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியில் ஜேம்ஸ் பி. ஜோன்சன், 'பற்ஸ்' வோலர் போன்றோர் இதனை மேலும் அகலமாகத் தாவ விட்டனர். நீண்ட அடி எடுத்து வைத்தல் எனும் பொருளில் அதற்கு 'ஸ்ட்ரைட்' என்ற பெயர் வழங்கலாயிற்று.

முதற்படி: நடுச் சீக்கு இடப்புறமாக அடுத்து வரும் சீயில் இடக்கைச் சுண்டுவிரலை வையுங்கள். நடுவிரல் ஈயிலும் பெருவிரல் ஜீயிலும் அமையும். ஒன்று என்று எண்ணிச் சீயை அழுத்துங்கள். இரண்டுக்கு ஈ, ஜீ இரண்டையும் ஒன்றாகத் தட்டுங்கள். மூன்று, நான்குக்கும் அவ்வாறே. இங்கே தாவல் இல்லை. துள்ளலை மட்டும் பழகுகின்றோம். சீ சற்றுக் கனமாக விழ வேண்டும். மேற்சுரங்கள் மெல்லியதாகவும் குறுகியதாகவும் ஒலித்து உடனே நிற்க வேண்டும். அந்தச் சிறு மௌனமே துள்ளலைத் தருகின்றது. எனவே கால்மிதியைத் தொடாதீர்கள்.

இரண்டாம்படி: மூன்றாம் அடியில் சீக்குப் பதிலாக, அதற்குக் கீழே உள்ள ஜீயைச் சுண்டுவிரலால் வாசியுங்கள். இப்பொழுது கை இடப்புறம் போய் வர வேண்டும். முதலில் ஓசையின்றிப் பழகுங்கள்: மேற்சுரங்களைத் தட்டியவுடன் கையை நகர்த்தி, ஜீயைத் தொட்டு மட்டும் நில்லுங்கள். அழுத்தும் முன்னரே விரல் அங்கு காத்திருக்க வேண்டும். கறுப்புக் கட்டைகள் வழிகாட்டும்: இரட்டைக் கறுப்புக்கு இடப்புறம் சீ, மூன்று கறுப்புகளில் முதல் இரண்டுக்கும் இடையே ஜீ.

மூன்றாம்படி: ஜீ ஏழாம் சுரக்கூட்டு. முதலடியில் கீழ் ஜீ. இரண்டாம் அடியில் எப், ஜீ இரண்டையும் சுட்டுவிரலும் பெருவிரலும் சேர்ந்து தட்டும். மூன்றாம் அடியில் சீயை ஒட்டி இடப்புறமுள்ள பீயைச் சுண்டுவிரல் வாசிக்கும். நான்காம் அடியில் மீண்டும் எப், ஜீ. முன்னைய கூட்டை நான்கு முறையும் இதனை நான்கு முறையும் மாறி மாறி வாசியுங்கள். இவ்விரண்டைக் கொண்டே பல எளிய பாடல்களுக்குத் துணை சேர்க்கலாம். மூன்றடித் தாளமான வோல்ற்ஸ் பாடலாயின், ஒரு கீழ்ச்சுரமும் இரு மேல்தட்டுகளும் போதும்.

கையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மணிக்கட்டை இறுக்கிக் கொண்டு வாசிப்பவருக்கு முழங்கை வரை நோவு ஏற்படும். கீழ்ச்சுரத்தில் கை இறங்கட்டும். மேற்சுரங்களில் தானாக எழட்டும். இரண்டும் ஒரே அசைவு. நோவு தோன்றினால் உடனே நிறுத்துங்கள். பொறுத்துக் கொண்டு வாசிப்பது திறமை அன்று; நோவு நிலைத்து விட்டால் பல மாதங்கள் வாசிக்க முடியாமற் போகலாம்.

வேகத்துக்கு அவசரப்பட வேண்டாம். மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 அடியில் வைத்துத் தொடங்குங்கள். ஒரு பிழையுமின்றி வாசித்த பின்னரே 66, 72 என உயர்த்துங்கள். றாக் இசையை வேகமாக வாசிப்பது சரியன்று என ஜொப்ளினே தம் இசைத்தாள்களில் அச்சிட்டு எச்சரித்தார்.

நாள்தோறும் 10 நிமிடம் இடக்கைக்கு மட்டும் ஒதுக்குங்கள். கட்டைகளைப் பாராமலே அது தவறின்றி நடக்கும் போது வலக்கையைச் சேருங்கள். பெற்றாரே, அந்நாட்களில் "பூம், பா" என்ற ஒரே ஓசை வீட்டில் கேட்டுக் கொண்டே இருக்கும். சலித்துக் கொள்ளாதீர்கள். அருகே ஒரு கதிரையில் அமர்ந்து, பிள்ளையோடு சேர்ந்து கைதட்டி எண்ணுங்கள். நாளை பலர் கூடிப் பாடும் போது அவர்களைத் தாளம் தவறாமல் தாங்கி நிற்கப் போவது அந்த இடக்கையே.